துப்பாக்கி மனுவில் நான் திருத்திய தேதி

என் அண்ணன் பட்டாளத்திலிருந்து திரும்பியதும் தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ஒரு பருத்திக் கிட்டங்கிக்குக் காவலாளாகச் சேர்ந்தார். சொந்தமாக ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்ததால்தான் அந்த வேலை கிடைத்தது. 1974 ஆவணியில் அதன் லைசென்ஸ் முடிந்தது. புதுப்பித்து வரும்வரை துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் இருக்கட்டும் என்றார்கள்.

மனுவை எழுதியது நான். தேதிகளில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பதினாறு வயதில் பட்டாளத்தில் சேர்வதற்காக அண்ணன் இரண்டு வயதைக் கூட்டிச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் பலரும் செய்ததுதான். லைசென்ஸிலும் அந்த வயதுக்கான பிறந்த தேதியே ஏறியிருந்தது. நான் ஜாதகத்தைப் பார்த்துச் சரியான பிறந்த தேதியை எழுதினேன். அண்ணன் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி முடிந்தும் பதில் இல்லை. திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். குமாஸ்தா கோப்பைத் தேடியெடுத்து, இரண்டு தேதிகளையும் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

“லைசென்ஸ்ல இருக்கவரும் மனு போட்டவரும் ஒரே ஆளுதானா சார்? விசாரிச்சு ரிப்போர்ட் வரணும்.”

ரிப்போர்ட் வரவில்லை என்று மட்டும் அண்ணனிடம் சொன்னேன். பழைய தேதியே இருந்த அவருடைய பட்டாள டிஸ்சார்ஜ் புத்தகத்தை நானே எடுத்துப்போய்க் காட்டினேன். அதன் பிறகும் நான்கு முறை அலைந்தேன். ஒவ்வொரு முறையும் கோப்பு வேறு மேசையில் இருந்தது. ஒருமுறை எந்த மேசையிலும் இல்லை.

அண்ணன் கம்போடு கிட்டங்கி வாசலில் நின்றார். மூட்டை தூக்குகிறவர்கள், “அண்ணாச்சி, ஆடு எங்கன மேயுது?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பொங்கல் கழிந்ததும் முதலாளி கூப்பிட்டார். “உங்க மேல ஒண்ணும் குறையில்ல அண்ணாச்சி. துப்பாக்கி இல்லாத காவலுன்னா இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டேங்கான்.”

மறுவாரம் வேறொருவர் துப்பாக்கியோடு கிட்டங்கி வாசலில் அண்ணனின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பங்குனியில் லைசென்ஸ் வந்தது. பழைய பிறந்த தேதியே அதில் இருந்தது. அண்ணன் அப்போது உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று நீட்டினேன். கையைக் கைலியில் துடைத்துவிட்டு வாங்கினார்.

“பாத்தியாலே, ஏழு மாசம். அந்தக் குமாஸ்தாப் பய காசு எதிர்பாத்திருக்கான். நமக்குத்தான் புரியல.”

அந்த மனிதர் என்னிடம் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும்.

“ஆமாண்ணே, அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

“ஈரம் படாம நீயே வச்சிரு” என்று லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் பாத்திக்குள் இறங்கினார்.