நிறம் எழுதாத பாறைப் பூ

"பூ என்ன கலருய்யா?" என்று மேலதிகாரி கேட்டார். நான் குறிப்பு நோட்டைப் புரட்டினேன்.

எண்பதுகளில் நடந்தது இது. காட்டுச் செடிகளைப் பறித்து, காயவைத்து, அட்டையில் ஒட்டிப் பாதுகாக்கும் அலுவலகம் எங்களுடையது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பாறைக் குன்றுகள் என் பொறுப்பு. திண்டிவனத்தில் லாட்ஜ் அறை, தனி ஆள். கடையில் "ஒரு டீ" என்றதைத் தவிர வாயே திறக்காத நாட்கள் உண்டு. அந்தத் தனிமை எனக்குப் பழகவே இல்லை.

வல்லம் பக்கம் ஒரு பாறை இடுக்கில் அந்தச் செடியைக் கண்டேன். விரல் உயரம், ஒற்றைப் பூ. அடேயப்பா, அந்தச் சந்தோஷம்! யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. தூரத்தில் ஓர் அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட வெட்கப்பட்டு, செடியைப் பழைய நியூஸ்பேப்பரில் வைத்து, செடியைத் தட்டையாக அழுத்தும் மரப் பிரஸ்ஸில் இறுக்கினேன்.

காய்ந்தால் நிறம் போய்விடும். பறித்த இடத்திலேயே ஃபீல்டு புக்கில் எழுதிவிட வேண்டும், தொழிலில் முதல் பாடமே அதுதான். ரூமுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். மடையன், எழுதவே இல்லை.

மேலதிகாரி கேட்டபோது அட்டையில் பூ பழுப்பாக இருந்தது. நீலம் என்றால் இந்த வட்டாரத்தில் யாருமே பார்த்திராத அபூர்வச் செடி, கண்டவன் என்று என் பெயர் பதிவாகும். ஊதா என்றால் சாதாரணச் செடி. நீலம் என்றுதான் ஞாபகம். அது ஞாபகமா, ஆசையா என்று எனக்கே புரியவில்லை.

திரும்பப் போனேன். இடுக்கில் செடி இல்லை. இருந்த ஒன்றையும் நான்தானே பிடுங்கியிருந்தேன்! அந்த அம்மாளிடம் கேட்டேன்.

"தெனம் இங்கதாங்க ஆட்ட ஓட்டிக்கினு வர்றேன். ஆடு திங்குதா இல்லியான்னு பாப்பேன், கலரு எங்க பாத்தேன்? அன்னிக்கே ஒரு கொரல் குடுத்திருந்தா வந்து பாத்திருப்பேனே" என்றார்.

"நீலம்னே எழுதிடுய்யா. உன்னைத் தவிர யாரு பாத்தா?" என்றார் மேலதிகாரி. நல்ல மனதோடுதான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது. "நிறம் குறிக்கப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, எழுதிவிட்டுப் பறியுங்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் வெட்கப்படாமல் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தப் பூவை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு நாள் நீலமாக வருகிறது, ஒரு நாள் ஊதாவாக வருகிறது.