ஏழாம் நம்பர் வண்டி ஏன் ஏறவில்லை

நாற்பத்து மூன்று வினாடி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியின் கீழ் வாசலிலிருந்து மேலே இருதய வார்டு வரை ஒரு ஏற்றம் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள பேட்டரி வண்டி, ஆளை ஏற்றிக்கொண்டு அதில் ஏற ஆகும் நேரம் அவ்வளவுதான். ஏழாம் நம்பர் வண்டிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது.

கோல்ஃப் மைதானத்தில் காசுள்ளவர்கள் உட்கார்ந்து போகிற அதே வண்டிதான். இங்கே அதில் நோயாளிகள் போகிறார்கள். மொத்தம் ஏழு வண்டி, ஏழு டிரைவர், ஒரே ஒரு மெக்கானிக். மெக்கானிக்கை எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் வோல்ட் மீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் போவார். "என் கையைப் பிடிச்சதைவிட அந்தச் சிவப்பு ஒயரைப் பிடிச்சதுதான் ஜாஸ்தி" என்பார் அவர் மனைவி. அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அந்த அம்மாவுக்கு வேலை.

மீட்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினேழு வருஷம் மோட்டார் காயில் சுற்றும் கடையில் குனிந்தே கிடந்து முதுகைக் கெடுத்துக்கொண்டவர். இங்கே வந்து எட்டு வருஷம். வேலையில் சுத்தம். ஆனால் காகிதம் என்றால் ஆகாது. எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்பேனரைத் தேடப் போய்விடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சூப்பர்வைசர் ஒரு படிவத்தோடு ஷெட்டுக்கு வந்தார்.

"நாலு மணிக்குள்ள எனக்கு ஒரே ஒரு வரி வேணும். ஏழாம் நம்பர் ஏறாதது வண்டிக் கோளாறா, டிரைவர் கோளாறா? டிரைவர்தான்னா வெள்ளிக்கிழமையோட அந்தப் பொண்ணைக் கணக்கு முடிச்சு அனுப்பிடறேன்."

அந்தப் பொண்ணுக்கு ஷெட்டில் 'புதுசு' என்று பெயர். சேர்ந்து பதினான்கு வாரம் ஆகியும் பெயர் மாறவில்லை. ஏழாம் நம்பர் அவள் வண்டி. வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார்; சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"வண்டியாத்தான் சார் இருக்கும்" என்றார் மீட்டர்.

"அப்படியா? இதைப் பாருங்க." சூப்பர்வைசர் ஒரு கட்டுக் காகிதத்தை விரித்தார். வாரச் சோதனைப் படிவங்கள். "ஏழாம் நம்பர், நன்று. நன்று. நன்று. பதினாலு வாரம். கீழ இருக்கிறது யார் கையெழுத்து?"

மீட்டருடையதுதான். படிவத்தில் பேட்டரிக்கு ஒரே ஒரு கட்டம்தான் உண்டு: மொத்த வோல்ட். சார்ஜ் ஏறி நிற்கிற வண்டியில் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் ஐம்பது காட்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். நிற்கிற வண்டி எதையும் சொல்லாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. படிவம் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

புதுசைக் கூப்பிட்டார். அவள் முகம் வெளிறியிருந்தது. "அண்ணே, சத்தியமா நான் முழுசாத்தான் மிதிக்கிறேன். கால் பலகையில போய் இடிக்குது."

"தெரியும்மா. நீ ஓட்டு, நான் பார்க்கிறேன்."

முதலில் டயரில் காற்று பார்த்தார்; சரி. ஜாக்கி வைத்துத் தூக்கிப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். தடையில்லாமல் சுற்றியது, பிரேக் பிடிக்கவில்லை. ஒயர்களைத் தொட்டுப் பார்த்தார். எங்கும் சூடு இல்லை. பிறகு சீட்டைத் தூக்கினார். அடியில் ஆறு பேட்டரி, ஒவ்வொன்றும் எட்டு வோல்ட். முதல் பேட்டரியிலிருந்து இரண்டு நீள ஒயரை வெளியே இழுத்து, சீட்டை மூடி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் மீட்டரை வைத்துக்கொண்டார்.

"போ."

ஏற்றம் தொடங்கியதும் எட்டாக இருந்தது ஏழானது, ஆறானது. பாதி ஏற்றத்தில் ஐந்தரை; நல்ல பேட்டரி ஏழுக்குக் கீழே இறங்காது. இறங்கி வந்து இரண்டாவது பேட்டரிக்கு ஒயரை மாற்றினார். ஐந்து. மூன்றாவது, ஐந்தே முக்கால். ஆறு தடவை ஏறினார்கள், ஆறும் அதே கதை.

அவர் பயந்தது அங்கேதான். ஒரு பேட்டரி சாகும், இரண்டு சாகும். ஒரே வண்டியில் ஆறும் ஒன்றாகச் சாகாது.

ஷெட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து விளிம்பைத் துடைத்தார். மேலே வெள்ளைப் பெயிண்டில் ஏழு, ஏழு, ஏழு என்று எழுதியிருந்தது. எழுத்து அவருடையது அல்ல. அவர் பேட்டரி பூட்டும்போது அடி விளிம்பில் சுட்ட ஊசியால், வண்டி எண் எத்தனையோ அத்தனை புள்ளி வைப்பார். அது யாருக்கும் தெரியாது. முதல் பேட்டரியில் ஒரு புள்ளி. அடுத்ததில் ஐந்து. அதற்கடுத்து இரண்டு, ஆறு, நான்கு. கடைசிப் பேட்டரியை அவர் வெகுநேரம் திருப்பவில்லை. திருப்பினார். மூன்று புள்ளி. மூன்றாம் நம்பர் வண்டியை ஓட்டுவது அவர் மனைவியின் தம்பி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆறு பேரையும் ஷெட்டுக்கு வரச்சொன்னார். ஆறு வண்டியும் வந்து சார்ஜில் நின்றன. புதுசை மட்டும் ஏழாம் நம்பரோடு கீழ் வாசலில் விட்டுவிட்டார்.

"யார் யார் கை வெச்சீங்க?"

மச்சான்தான் வாயைத் திறந்தான். "மாமா, அப்ப அது யாரும் ஓட்டாத வண்டி. மூலையில சும்மா நின்னுச்சு. எங்க வண்டியில செத்ததை அதுல போட்டுட்டு, அதுல இருந்த நல்லதை எடுத்துக்கிட்டோம். என்ன பெரிய கொலைக்குத்தமா?"

"சரி. அவ வந்து பதினாலு வாரம் ஆச்சே, திருப்பிப் போட்டீங்களா?"

சார்ஜர்கள் உறுமிக்கொண்டிருந்தன.

'ரேடியோ' என்று பெயரெடுத்த ஐந்தாம் நம்பர் டிரைவர் தொண்டையைக் கனைத்தான். "முப்பது ட்ரிப் அடிக்கலைன்னா பாதி ஷிஃப்ட் சம்பளம் வெட்டு, மீட்டர் அண்ணே. புது பேட்டரி கேட்டா அடுத்த வருஷம்ங்கிறாங்க. நாங்க என்ன, வண்டியைத் தோள்ல தூக்கிட்டா போறது?"

"அதுக்கு அவ தலையில கொட்டுவீங்களா?"

"அவ போனா ஒருத்தி. நீங்க எழுதினா ஆறு பேரு."

"ஏழு" என்றான் மச்சான், அமைதியாக. "கையெழுத்து யாரோடது மாமா?"

மேலே இருப்பவனிடம் வாய் திறக்கத் துணியாதவர்கள் தங்கள் சுமையைப் பக்கத்தில் நிற்பவள் தலையில் இறக்குவார்கள். இதற்குக் கூட்டமும் தீர்மானமும் வேண்டாம். யாரும் கெட்டவனாக இருக்கவும் வேண்டாம். ஷெட்டில் நின்ற ஏழு பேரில் ஒருவரும் கெட்டவர் இல்லை. மீட்டர் அந்தப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். 'அக்கா முகத்துல எப்படி முழிப்பீங்க' என்று மச்சான் கேட்கவில்லை. மீட்டர் காதில் மட்டும் அது கேட்டது.

அப்போது சுவரிலிருந்த போன் அடித்தது. ரேடியோ எடுத்தான். வாசல் காவலாளியின் சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது.

"எங்கய்யா போனீங்க எல்லாரும்? மூச்சுத் திணறலோட ஒருத்தரைக் கொண்டாந்தாங்க, உதடெல்லாம் நீலமா இருக்கு! ஒரு வண்டிதான் நின்னுச்சு, ஏத்தி அனுப்பிட்டேன்!"

எந்த வண்டி என்று யாரும் கேட்கவில்லை. ஏழாம் நம்பரின் பேட்டரிகளை மீட்டர் பதினொன்றரைக்குத்தான் திரும்பப் பூட்டியிருந்தார். ஆறு தடவை ஏற்றம் ஏறிக் களைத்த பேட்டரிகள். சார்ஜில் போட மறந்துபோனார்.

ஓடினார்கள்; சார்ஜரைக் கழற்றி வேறு வண்டியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஏற்றத்தின் பாதியில் வண்டி நின்றிருந்தது. புதுசு மிதியைப் பலகையோடு அழுத்தி எழுந்தே நின்றிருந்தாள். சீட்டுக்கு அடியில் கரண்ட் போதாமல் டிக், டிக் என்று ஒரு சத்தம். பின் சீட்டில் அந்த ஆள் மகனின் தோளில் சரிந்து, காற்றைக் கடிப்பதுபோல வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"அண்ணே, ஏறலண்ணே! ஏறவே மாட்டேங்குது!"

"பிரேக்கைத் தொடாதே. ஸ்டீரிங்கை மட்டும் பிடி."

ஏழு பேரும் பின்னால் தோள் கொடுத்தார்கள். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மேலேயிருந்து சூப்பர்வைசர் கத்திக்கொண்டே வந்தார். "நான் சொன்னேன்ல? இந்தப் பொண்ணுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது—"

"வண்டி சார்" என்றார் மீட்டர், தலையை நிமிர்த்தாமல். "வண்டிக் கோளாறு. ஆறு வண்டியோட செத்த பேட்டரி இதுக்குள்ள இருக்கு. பதினாலு வாரம் பார்க்காமலே கையெழுத்துப் போட்டவன் நான். எழுதித் தரேன். இப்ப வந்து தள்ளுங்க."

மச்சான் ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவனும் குனிந்து தள்ளினான். சூப்பர்வைசரும் தள்ளினார்.

வார்டு வாசலில் நர்ஸ் தயாராக நின்றாள். அந்த ஆள் வாயைத் திறப்பதை நிறுத்தியிருந்தார். மகன், "அப்பா, அப்பா, வந்தாச்சுப்பா" என்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். நர்ஸ் அவர் விரலில் ரத்தத்து ஆக்ஸிஜனை அளக்கும் கிளிப்பை மாட்டினாள். நல்ல உடம்புக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்ட வேண்டிய கிளிப். எண் வர நேரமெடுத்தது. வந்ததும் உள்ளே இருந்த டாக்டருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்.

"நாற்பத்தொன்பது."