நான் படிக்காமல் தாண்டிய பக்கங்கள்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என் மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் வேலுவின் மனைவி. கூலியை உயர்த்தினால்தான் அறுவடை என்று எங்கள் ஊரில் சங்கத்தைத் திரட்டி, என் வயலில் அரிவாள் படாமல் பார்த்துக்கொண்டவன் அந்த வேலு. அவன் என் மகளுக்குத் தமிழில் வந்த ஒரு சீனக் கதைப் புத்தகத்தை இரவல் கொடுத்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. பெண்ணை எனக்கு எதிராகத் திருப்பப் பார்க்கிறானோ?

ஊசி குத்தியிருந்த கையால் புத்தகத்தைப் பிடிக்க முடியாமல், "நீங்க படிங்கப்பா" என்றாள். படித்தேன். கதையில் ஒரு தாய், மகள் பிழைக்க மாட்டாள் என்பதை அவளிடமே மறைக்கிறாள். என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்பதை நானும் அவளிடம் மறைத்திருந்தேன். பக்கங்களைத் தாண்டி, அந்தப் பெண் குணமாகி வீடு திரும்பியதாக நானே கதையை முடித்தேன்.

"ஏண்ணே, கதை இப்படித்தான் முடியுதா?" என்று மனைவியைப் பார்க்க வந்த வேலுவிடம் அவள் கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். இன்று பழிதீர்த்துக்கொள்வான் என்றே நினைத்தேன்.

"ஆமாம்மா, நல்லாயிடுவா" என்றான்.

பிறகு வராந்தாவில் என்னைத் தேடி வந்தான்.

"ஒனக்கு என்ன வேணும்? கூலியா?" என்றேன்.

"கூலியக் களத்துல பேசிக்கலாம்ங்க. ஒங்களுக்காக ஒரு பொய் சொல்லிட்டேன், இன்னொன்னு சொல்ல மாட்டேன். அது ஒங்க மகளோட உசுருங்க. அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

மறுநாள் காலை மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வெகுநேரம் அழுதாள். பிறகு டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, தன் கேள்விகளைத் தானே கேட்டாள். அவற்றில் ஒன்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

சிகிச்சை இன்னும் நடக்கிறது. வேலுவை நான் இன்றும் முழுதாக நம்புவதில்லை. என்னை அதைவிடக் குறைவாகவே நம்புகிறேன்.