சொல்லாமல் கிளம்பிய கார்

மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. பிரேக்கில் ஏதோ கோளாறு என்று அர்த்தமாம். நாற்பது வயதுக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவள் நான். அந்த விளக்கு எரிந்தாலே பயம்.

முதல் தடவை எரிந்தபோது, எங்கள் தெருமுனை மெக்கானிக் ஹேண்ட்பிரேக்குக்கு அடியிலிருந்த சுவிட்சைத் துடைத்துவிட்டார். அணைந்தது. அடுத்த வாரமே எரிந்தது. பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று ஊற்றினார். அணைந்தது. மறுபடியும் எரிந்தது.

"ஊத்துற ஆயிலு எங்கதான் தம்பி போகுது?"

"கீழ ஒரு சொட்டு இல்லையேக்கா. நாலு வீலையும் கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். ஆனா லைட்டு எரியிதேன்னு பயப்படாதீங்க. எரிய வேண்டிய நேரத்துல எரியாம இருந்தாத்தான் பயப்படணும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அதுவரை எரிந்தால் மட்டும் பயந்தவள், அன்றிலிருந்து எரியாவிட்டாலும் பயந்தேன். யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நாளெல்லாம் அதை வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன்.

அந்த வாரம் வாடிப்பட்டியில் மகளுக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். வளையல் போட்ட கையோடு பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். ஆயில் ஊற்றியாயிற்று, விளக்கும் அணைந்திருந்தது. விசேஷம் முடியட்டும், வீலைக் கழற்றலாம் என்று நானும் மெக்கானிக்கும் ஒத்துக்கொண்டோம்.

எங்கள் பக்கத்தில் வளைகாப்பு முடிந்த பெண் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். "போயிட்டு வாரேன்" என்று ஒரு சொல் வரக்கூடாது. வழியனுப்புகிறவர்களும் வாய் திறக்கமாட்டார்கள். திரும்பிப் பார்க்கவும் கூடாது. சம்பந்தியம்மா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கையை மட்டும் அசைத்தார். கூட்டமே ஊமையாக நின்றது. சாவியைத் திருப்பினேன். ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். சிவப்பு அணையவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். வாசலில் நின்றுகொண்டு பிரேக் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? பெடலை அழுத்திப் பார்த்தேன், பிடித்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. கார் நகர்ந்துவிட்டது.

தெருவைத் தாண்டியதும், முகம் பார்க்கும் கண்ணாடி ஓரத்தில் நான் எப்போதோ ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டை அவர் பிய்த்தார். மெல்லச் சாய்ந்து விளக்குக்கு மேலே ஒட்டினார்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார், பின்சீட்டுக்குக் கேட்காத குரலில்.

பொட்டு சிறியது. ஓரமெல்லாம் சிவப்பு கசிந்தது. நான்குவழிச் சாலையின் லாரிகளுக்குப் பயந்து சோழவந்தான் பாதையில் திருப்பினேன். பின்சீட்டில் மகள் தலையணையில் சாய்ந்திருந்தாள். பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் வளையல்கள் குலுங்கும். சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டேன். பின்னால் இருப்பது இரண்டு உயிர். என் வலது காலை நம்பி வருகிறது. வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போனார்.

ஊரைத் தாண்டி வெற்றிலைக் கொடிக்கால்களை ஒட்டிப் போகும்போது முன்னே ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் ஈரமண்ணில் கால் வைத்ததுபோல் பொதபொதவென்று தரைவரைக்கும் போய்விட்டது. மறுபடி மிதித்தேன். கொஞ்சம் பிடித்தது, போதவில்லை. கியரை இறக்கினேன், இஞ்சின் அலறியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தபடி மண்பாதைக்கு ஒடித்தேன். புதர் உரச, ஆடுகளுக்கு ஒரு கை தூரத்தில் கார் செத்து நின்றது. ஆட்டுக்காரர் எங்களைத் திட்டிய திட்டு எதுவும் என் காதில் விழவில்லை.

"ஏம்மா நின்னுட்ட?" மகள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லத்தா, அப்பாவுக்கு டீ குடிக்கணும்" என்றார் அவர். சுற்றிலும் கொடிக்காலைத் தவிர ஒன்றும் இல்லை.

நான் ஹேண்ட்பிரேக்கை விடாமல் பின்னால் திரும்பினேன். "டீயும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிரேக்கு போச்சு. எறங்குத்தா."

நல்ல நாளில், நல்ல நேரத்தில், பிள்ளைத்தாய்ச்சியிடம் அதைச் சொல்லிவிட்டேன். அவள் பதறவில்லை. வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினாள்.

"தெரியும்மா. மீட்டர்ல பொட்டு எதுக்குன்னு பாத்தேன். ஓரத்துல சிவப்பு தெரிஞ்சிச்சு."

"ஏன்டி சொல்லல?"

"கெளம்புறப்ப அப்படிப் பேசக்கூடாதே. நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். ஆட்டைவிட அது என்னை அதிகம் பயமுறுத்தியது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "ஒரு அடி நகத்தாதீங்கக்கா, வண்டியத் தூக்கிட்டு வர ஆள் அனுப்புறேன்" என்றார். மறுநாள் பின்வீலைத் திறந்தபோது, ஊற்றிய ஆயிலெல்லாம் பிரேக்கை மூடியிருக்கும் டிரம்முக்குள்ளேயே ஒழுகி, பிரேக் கட்டைகள் ஊறிக் கிடந்தன. அதனால்தான் தரையில் சொட்டு இல்லை. "அன்னைக்கே கழட்டிருக்கணும்க்கா" என்றார். மேற்கொண்டு பழமொழி ஒன்றும் வரவில்லை.

அன்று கணவரைக் காரோடு விட்டுவிட்டு, அந்த வழியாக வந்த ஆட்டோவில் நானும் மகளும் ஏறினோம். "மாசமா இருக்கா, அண்ணே" என்றேன். "உருட்டிக்கிட்டே போவோம்க்கா" என்றார் ஓட்டுநர். அப்படித்தான் போனார். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் ஆட்டோவின் தகரத் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. மகள் என் முழங்காலில் கை வைத்தாள்.

"பிரேக்க ஆட்டோக்காரரு பாத்துக்கிருவாரும்மா. நீ காலை எடு."

எடுக்க முடியவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் மிதித்துக்கொண்டேதான் போனேன்.