ஒரு மூலை வெட்டுப்பட்ட நானூறு பத்திரிகைகள்

1. பூ மேல் பூ

மஞ்சக்குப்பத்தில், கார்டுகளுக்கு ஓர அலங்காரம் செய்து தரும் ஒரு பேப்பர் கடையில் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாகிறது. என் வலது கட்டைவிரல் இப்போது தோசை திருப்பக்கூட மறுக்கிறது. விரலுக்கு ஓய்வு கொடுங்கள் என்கிறார் டாக்டர். விரலுக்குத் தனியாக லீவு தரும் முதலாளி இன்னும் பிறக்கவில்லை.

பார்டர் பஞ்ச் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஞ்ச் என்பது ஸ்டேப்ளரை விடக் கொஞ்சம் பெரிய கருவி. காகிதத்தின் ஓரத்தை அதன் வாயில் கடைசிவரை செருகி அழுத்தினால், பூவும் இலையுமாக வெட்டு விழும். பஞ்சின் தட்டிலும் அதே பூவை அச்சடித்திருப்பார்கள். காகிதத்தை நகர்த்தி, வெட்டிய கடைசிப் பூ அந்த அச்சுப் பூவின் மேல் சரியாக உட்கார்ந்த பிறகுதான் அடுத்த அழுத்து. முதல் நாள் முதலாளி சொன்னது இவ்வளவுதான்: "பூ மேல பூ உக்காரணும்க்கா. அவசரப்பட்டா பேப்பர் கிழிஞ்சிடும்."

ஆனால் எல்லாக் காகிதமும் பூவின் அளவுக்குப் பொருந்தி வராது. இடது ஓரத்தில் ஆரம்பித்தால் வலது மூலையில் பாதிப் பூ வந்து நிற்கும். நடுவில் புள்ளி வைத்து இரண்டு பக்கமும் போனால் இரண்டு மூலையும் ஒரே மாதிரி முடியும். அதற்கு நேரம் ஜாஸ்தி. தெரியாமல் இல்லை, சோம்பல்தான். இடது பக்கம் ஆரம்பித்து, வலது மூலையில் வரும் பாதிப் பூவைக் கார்னர் பஞ்சால் வெட்டி எறிந்துவிடுவேன். ஸ்கூல் சார்ட்டுக்கும் பர்த்டே கார்டுக்கும் அது போதுமாக இருந்தது. யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

2. "மாடல்"

போன ஆவணியில் சிதம்பரத்திலிருந்து மல்லிகா என்று ஒரு அம்மா வந்தார். வேறு இடத்தில் அச்சடித்த நானூறு கல்யாணப் பத்திரிகைகள். அடி ஓரத்தில் மட்டும் பார்டர் வேண்டும் என்றார். பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போட்டிருந்தது. படித்தேன். படித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நான்கு நாளில் முடித்தேன். வழக்கம்போல இடமிருந்து வலம், வழக்கம்போல வலது கீழ் மூலை காலி. வாங்கிப்போக வந்த திங்கட்கிழமை அவர் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தார். மூலையை விரலால் தடவினார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாங்க இது, ஒரு மூலைய காணோம்?"

முதலாளி முந்திக்கொண்டார். "அது மாடலும்மா. இப்ப எல்லாரும் இப்புடித்தான் கேக்குறாங்க. சொல்லுங்கக்கா."

"ஆமாம்மா, புது மாடல்," என்று நானும் சொன்னேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"மாடலா? எங்க ஊட்டுக்காரரு போயி ஏழு மாசம் ஆவல. அவரு கருமாதி பத்திரிகையத்தான் எல்லாரும் மூலைய கிள்ளிப் போட்டாங்க. இத நான் எப்புடிங்க தாம்பாளத்துல வச்சி நீட்டுவேன்?"

எங்கள் பக்கத்தில் கருமாதிப் பத்திரிகை வந்தால், படித்ததும் மூலையைக் கிள்ளி எறிவார்கள். கல்யாணப் பத்திரிகை என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவாமல் கொடுக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாத வழக்கமா? என் வீட்டிலும் அதேதான். கை பழக்கத்தில் ஓடும்போது புத்தி டீ குடிக்கப் போய்விடுகிறது.

கணவரின் அண்ணனைப் பற்றி அவர் சொன்னார். "எங்க மூத்தாரு ஏற்கனவே, வருசம் திரும்பறதுக்குள்ள கல்யாணம் கேக்குதான்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டு இருக்காரு. பொண்ண தாரை வாக்க அவரு ஒருத்தருதான் இருக்காரு. நான் வாக்க முடியுமா? இதக் கையில குடுத்தா, இதையே சாக்கா வச்சி வராம நின்னுடுவாரு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"மாடல் இல்லம்மா," என்றேன். "பூ சேரல. அத மறைக்கத்தான் வெட்டுனேன். தப்பு எம் மேலதான்."

முதலாளி முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

3. மூன்று நாள்

வெள்ளிக்கிழமை குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்க வேண்டும். திரும்ப அச்சடிக்க நேரமில்லை. கட்டிங் மெஷினில் எல்லாவற்றுக்கும் அடியில் அரை அங்குலம் சீவினோம். மூலை நேரானது, பார்டர் போனது. மஞ்சள் காகிதத்தில் பட்டை பட்டையாக வெட்டி, நடுவில் புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் பஞ்ச் செய்து, மூலைக்கு ஒரு விரல் இடம் விட்டு நிறுத்தினேன். அதைப் பத்திரிகைக்குப் பின்னால், அடியில் எட்டிப்பார்க்கிற மாதிரி ஒட்டினேன். மொத்தம் எத்தனை அழுத்து என்று கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் அப்போதே எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். புதன்கிழமை விரல் வீங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு செய்தேன்.

வியாழன் மதியம் மல்லிகா அம்மா வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பத்திரிகையாக நான்கு மூலையும் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

"எல்லாம் பாத்தாச்சும்மா, பஸ்ஸு போயிடப் போவுது," என்றார் முதலாளி.

"போவட்டுங்க. அடுத்த பஸ்ஸுல போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் முதுகு ஒடிய உட்கார்ந்த பிறகும் நம்பிக்கை இல்லையா என்று கேட்க வாய் வந்தது. எந்த முகத்தோடு கேட்பது? எதிரில் உட்கார்ந்து பாதிக் கட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இரண்டு பேருமாக ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம்.

என் பங்கில் ஒன்று மாட்டியது. பட்டை சரிந்து ஒட்டி, அதன் மூலை மடங்கி ஒடிந்திருந்தது. அவர் கவனிக்கவில்லை. கட்டுக்கு அடியில் தள்ளியிருக்கலாம். எடுத்து நீட்டினேன்.

"ஒண்ணுதானேங்க, உடுங்க," என்றார். "உங்க வெரலப் பாத்தாலே பாவமா இருக்கு."

"வேணாம்மா. ஒண்ணுன்னாலும் யாரோ ஒருத்தரு கைக்குத்தானே போவும்."

பட்டையை உரித்துப் போட்டு, புதிதாக ஒன்று வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். நானூறு என்பது நம் கணக்கு. வாங்குகிறவர் கையில் இருப்பது ஒரே ஒரு பத்திரிகை. அவர் மூலையைத்தான் முதலில் பிடிப்பார். இந்தத் தொழிலில் நான் படித்த பாடம் அவ்வளவுதான், அதுவும் இருபத்தோரு வருடம் கழித்து.

கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் மல்லிகா அம்மா கடைக்கு போன் செய்தார்.

"மூத்தாரு வந்து தாரை வாத்துட்டாருங்க. பத்திரிகைய குடுத்தன்னிக்கி திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒரு வார்த்த சொல்லலியே."

எத்தனையோ பேர் என் வேலையை அழகு என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மனிதர் ஒன்றுமே சொல்லாததைத்தான் நான் பெரிதாக வைத்திருக்கிறேன்.