தவறான முழங்காலும் ஒரு டப்பா அதிரசமும்

புனே நகரத்தில் வக்கீல் வைஜயந்தியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும், படுத்திருக்கும் நோயாளியை அப்படியே விட்டுவிட்டு டாக்டர்கள் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுவார்கள். சரி, குதிப்பது என் கைச்சரக்கு. ஆனால் நோயாளியின் கேஸ் பேப்பரை இன்னொரு தடவை புரட்டிப் பார்ப்பார்கள், அது சத்தியம்.

சாங்விப் பகுதியில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் அவள் ஆபீஸ். கீழே மில் ஓடத் தொடங்கினால் மேலே ஃபைல், நாற்காலி, கட்சிக்காரர் எல்லாமே வெள்ளை. கறுப்புத் தலையோடு வந்தவர் நரைத்துப்போய்த்தான் படியிறங்குவார். வைத்தியத்தில் நடந்த தவறால் நொந்த குடும்பங்கள் அவளைத் தேடி வரும். முதலில் டீ. அழுது, திட்டி ஓயும்வரை அவள் வாயைத் திறக்கமாட்டாள். பிறகு காகிதங்களைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேரை, "இதுல டாக்டர் மேல தப்பில்லைங்க" என்று திருப்பி அனுப்புவாள். மீதிப் பேருக்காக மல்லுக்கு நிற்பாள்.

அந்த மீதியில் ஒருவர்தான் சுந்தரமூர்த்தி. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; வேலூர்ப் பக்கம். தேய்ந்திருந்தது வலது முழங்கால். ஆஸ்பத்திரியில் அறுத்து மாற்றியதோ இடது. நல்ல காலுக்குப் புது மூட்டு, நொண்டுகிற காலுக்குப் பழைய மூட்டு! "அவரே இடது காலைத்தான் காட்டினார்" என்று ஆஸ்பத்திரி சாதித்தது. அதைவிடப் பெரிய இடி, மனைவி தமிழரசியும் அதையே சொன்னாள்.

"இவருதாம்மா மாத்திக் காட்டியிருப்பாரு. செருப்பையே மாத்திப் போட்டுக்குற ஆளு."

"வலதைத்தான் காட்டினோம்னு கோர்ட்டே சொல்லணும் வக்கீலம்மா" என்றார் அவர். "மொதல்ல இவ வாயை அடைக்கணும்."

நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நன்றாகத்தான் நகர்ந்தது, ஆஸ்பத்திரி வக்கீல் தேவ்தர் ஒரு போட்டோவை நீட்டும்வரை. ஆபரேஷனுக்குப் பின் வந்த தீபாவளியில் எடுத்தது. ஊன்றுகோலோடு சுந்தரமூர்த்தி, முகமெல்லாம் பல். பக்கத்தில் அதே டாக்டர், கையில் அதிரச டப்பா.

"தப்பாக அறுத்தவருக்கு யாராவது இனிப்பு கொண்டுபோய்க் கொடுப்பார்களா?" என்று இந்தியில் முழங்கினார் தேவ்தர். "இவர் முழுத் திருப்தியடைந்த நோயாளி!"

வைஜயந்தி போட்டோவை வாங்கிப் பார்த்தாள். இப்படியொரு போட்டோ இருப்பதைப் பற்றிச் சுந்தரமூர்த்தி அவளிடம் மூச்சுக்கூட விடவில்லை.

"அரே அங்கிள், காலை வெட்டுனவருக்கு அதிரசமா?" என்று அவர் காதில் சீறினாள்.

"தீபாவளிம்மா! நாள் கிழமையில குடுக்காம இருக்க முடியுமா? கோவம் வேற, பலகாரம் வேற."

அது அவளுக்கும் தெரிந்த வழக்கம்தான். அவள் அம்மா முதல் தட்டைச் சண்டைக்காரி வீட்டுக்குத்தான் அனுப்புவாள், 'நம்ம முறுக்கு எப்படின்னு அவளுக்குத் தெரிய வேணாமா?' என்று. வைஜயந்தி சட்டென எழுந்தாள்.

"அங்கிள், நீங்கள் வேறு யாருக்கெல்லாம் பலகாரம் கொடுப்பீர்கள்? ஆணையத்துக்குச் சொல்லுங்கள்."

சுந்தரமூர்த்தி விரலை மடக்கினார். இவர் சைக்கிள் திருடுபோனபோது தூங்கிய வாட்ச்மேன். வாசலை மறித்துக் கார் நிறுத்தும் மாடிவீட்டுக்காரர். முகம் பார்த்துப் பேசாத மச்சான்.

"அப்புறம்?"

அவர் நெளிந்தார். "போன வாய்தா தீபாவளிக்கு முந்தி வந்துச்சே... வராந்தாவுல இந்த வக்கீல் சாருக்கும் ஒரு டப்பா."

எல்லாத் தலையும் தேவ்தர் பக்கம் திரும்பியது.

"சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார் ஆணையத் தலைவர்.

"வீட்டில்... எல்லோரும்" என்றார் தேவ்தர், சட்டைப் பட்டனைப் பார்த்தபடி.

"அப்படியானால் ஐயா," என்றாள் வைஜயந்தி, "எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்திலும் என் கட்சிக்காரருக்கு முழுத் திருப்தி என்று பதிவு செய்துகொள்ளலாமா?"

தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போட்டோ அன்றோடு செத்தது. அடுத்து அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ரீனாவே சாட்சி சொன்னாள்: காட்டியது வலது முட்டி, அவள் பேனாவால் குறி போட்டதும் வலது முட்டி. குறியையும் ஸ்கேனையும் பார்க்காமல் அறுத்தது டாக்டரின் தவறு என்று தீர்ப்பு வந்தது. வலது காலுக்கு வேறு ஆஸ்பத்திரியில் ஆகும் செலவும் தப்பு செய்த ஆஸ்பத்திரியின் தலையில்.

அன்று மாலை வைஜயந்தியின் ஆபீஸில் மாவுப் புழுதிக்கு நடுவே சுந்தரமூர்த்தி நெஞ்சை நிமிர்த்தினார்.

"கேட்டியாடி? நான் சரியான காலைத்தான் காட்டினேன்னு எழுதிட்டாங்க!"

தமிழரசியின் மாவு படிந்த கன்னத்தில் இரண்டு ஈரக் கோடுகள் இறங்கியிருந்தன.

"நீங்க எங்க காட்டினீங்க? ஊசியைப் பாத்ததும் கண்ணை மூடிக்கினு முருகா முருகான்னு கெடந்தீங்க. நர்ஸுக்குக் காட்டினது நானு. எதிர்ல நின்னு காட்டினேனா, எடம் வலம் மாறிப்போச்சோ, என்னாலதான் உங்க காலு போச்சோன்னு பயந்து உங்க மேல பழியைப் போட்டுட்டு, இத்தினி நாளா எனக்குச் சோறு எறங்கல."