பழைய பிரவுசரும் சமையலறை ஜன்னலும்

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். சமையலறை ஜன்னல். அதுவும் வலது பக்கக் கம்பியோரம், தோள் உயரத்துக்குப் போனைத் தூக்கிப் பிடித்தால். முத்தியால்பேட்டையில் மில் ஓடின காலத்தில் கட்டின வரிசை வீடு, சுவர் அவ்வளவு தடிமன். முன்னால் கூடம், பின்னால் சமையலறை, அதை ஒட்டிக் குளியலறை. வாசல் ஒன்றே ஒன்று, கூடத்தில். பின்பக்கம் சந்துப் பக்கம் பார்த்த அந்த ஜன்னல் மட்டும்தான். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தச் சமையலறையில் மாட்டிக்கொண்டேன். யாரும் பூட்டவில்லை. சமையலறைக்குக் கதவே கிடையாது. நாலு எட்டு வைத்தால் கூடம், இன்னும் நாலு எட்டு வைத்தால் தெரு. வைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவி பி.எஸ்சி. படித்தவள். நான் எட்டாவதோடு நின்றவன். நோணாங்குப்பம் போட் ஹவுஸில் வேலை, படகில் ஏறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவேன். கொக்கியை மாட்டிவிட்டு இரண்டடி நடந்ததும் சந்தேகம் வந்துவிடும், திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். அப்புறம் படகு கிளம்பின பிறகு, அந்த நீலச் சட்டைக்காரருக்குச் சரியாக மாட்டினோமா என்று தோன்றும். என் சுபாவம் அப்படி.

அவள் அப்போது ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். ஷிஃப்ட் முழுக்க நின்றபடி வேலை. சாயந்திரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கணுக்கால் தெரியாது, வீங்கிப்போய்க் கால் ஒரே தூணாக இருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும், குழி மேலே வர நேரமாகும். டாக்டர், நிற்கிற வேலையை விடு என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலையாக ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி பில்லில் இருக்கிற நோய்க்கெல்லாம் கோட் நம்பர் போடுகிறது, வீட்டிலிருந்தே. அதற்கு அவள் ஒரு கோர்ஸ் முடித்தாள். வேலை குடுக்கிற கம்பெனி வைக்கிற பரீட்சையும் வீட்டிலேயே, கம்ப்யூட்டரில். எழுதுகிறவளைத் தவிர அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது. பேச்சுக்குரல் கேட்கக்கூடாது. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். மீறினால் ரத்து, அந்தக் கம்பெனிக்கு மறுபடி ஒரு வருஷம் எழுத முடியாது. ஒரு வருஷம் அந்தக் கால் தாங்குமா என்பதுதான் எங்கள் இரண்டு பேர் மனசிலும் இருந்தது.

ஏற்பாடு எல்லாம் பக்காவாகத்தான் செய்திருந்தோம். என் போனிலிருந்து நெட். போனை ஒரு துணிப்பையில் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவது. நான் முனை டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வது. மேஜையைக் கூடத்தில், சமையலறைச் சுவரோடு சேர்த்துப் போட்டோம், கேமராவுக்கு அவள் முகமும் அவளுக்குப் பின்னால் வாசல் கதவும் தெரிகிற மாதிரி. லேப்டாப், அவள் தம்பி காலேஜ் படித்தபோது வாங்கினது. பழசு, ஆனால் ஓடும்.

பரீட்சைக்கு உள்ளே போகிற பக்கத்தைத் திறந்தாள். திறக்கவில்லை. இங்கிலீஷில் சிவப்பாக ஏதோ வந்தது.

"என்னம்மா சொல்லுது?"

"பிரவுசர் பழசாம். புதுசு போட்டுக்கிட்டு வரச் சொல்லுது."

"போட்டுடு."

"போட்டுப் பாத்துட்டேன். இந்த கம்ப்யூட்டருக்கு இனிமே புதுசு கிடையாதுன்னு அது சொல்லுது."

ஒன்று புதுசு கேட்கிறது, இன்னொன்று புதுசு இல்லை என்கிறது. நடுவில் இவள். "போன வாரம் தொறந்துச்சே, தொறந்துச்சே" என்று நான்கு தடவையாவது சொல்லியிருப்பேன்.

"கொஞ்சம் வாய மூடுங்களேன்," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். எழுந்து ஜன்னலுக்குப் போய் என் போனில் தேடினாள். இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டருக்கென்றே இன்னும் குடுக்கிற வேறொரு பிரவுசர் இருக்கிறதாம். போனைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு வந்து, அதை லேப்டாப்பில் இறக்கினாள். நீலக்கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. உள்ளே போகிற நேரம் முடியப்போகிறது.

"ஜன்னலுக்குப் போங்க. போன் பையில வேணாம், கைலயே புடிங்க."

ஓடினேன். கம்பியோரம் தூக்கிப் பிடித்தேன். அங்கேயிருந்து எனக்குத் தெரிந்தது அவளுடைய வலது முழங்கையும் மேஜையின் ஓரமும் மட்டும். "வருது, வருது," என்றாள். அப்புறம் "தொறந்துடுச்சு" என்றாள். சரி, இனி பையில் போட்டுவிட்டு வெளியே போகலாம் என்று திரும்பினேன். அந்த முழங்கைக்குக் கீழே, மேஜைக்கு அடியில், அவளுடைய இன்னொரு கை நீண்டது. உள்ளங்கை என்னைப் பார்த்து விரிந்தது. நில்லு.

கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது.

வாசல் அவள் முதுகுக்குப் பின்னால். நான் வெளியே போகவேண்டுமானால் கேமராவுக்கு முன்னால் நடந்துதான் போகவேண்டும். ஆக, பரீட்சை முடிகிறவரை நான் இங்கேதான். முதலில் பெரிதாகத் தெரியவில்லை. பையில் போனைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். பைக்குள் வைத்ததும் சிக்னலில் ஒரு கோடு குறைந்தது. மனசு கேட்கவில்லை. எடுத்துத் திரும்பக் கையில் பிடித்தேன். அதோடு சரி, கீழே வைக்கவே இல்லை.

குக்கர் மூடி அடுப்பு மேடை விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது விழுந்தால்? குழாய் சொட்டுவது மைக்கில் கேட்குமா? தும்மல் வந்தால் என்ன செய்வது? தும்மலை நினைத்ததும் மூக்கு அரிக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அதிர்ந்தது. போட் ஹவுஸ் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் அலைமோதும் நாள், நான் லீவு. எங்கள் போனில் கால் வந்தால் நெட் நின்றுவிடும். கட் செய்தேன். திரும்ப அடித்தார். கட் செய்தேன். மூன்றாவது தடவை கட் செய்தபோது, நாளைக்கு வேலைக்கு வராதே என்று சொல்லப்போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். கால் வராமல் தடுக்கப் போனில் ஏதோ வழி இருக்குமாம். தெரியாத பட்டனைத் தொட்டு இருக்கிறதும் போய்விட்டால் என்று தொடவில்லை. கூடத்தில் அவள் கீபோர்டில் டக் டக் என்று தட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்டது. அது கேட்கிறவரை எனக்கு மூச்சு வந்தது.

சந்தில் மீன்கார அம்மா வந்தாள். பிள்ளைச்சாவடியிலிருந்து வருகிறவள், ஜன்னலோடு பேசித்தான் எங்களுக்கு மீன் குடுப்பாள். "சங்கராடா, சங்கரா" என்று மீன் பேரைக் கூவித் தொண்டையைத் திறந்தாள். நான் வாயில் விரல் வைத்தேன்.

"இன்னா தம்பி, பல்லு வலியா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"உள்ள தூங்குதா?"

இல்லை. விரலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"அப்ப சண்ட." கூடையை இறக்கி வைத்துவிட்டாள். "அதான் பொழுதோட ஊட்ல நிக்கிற. உள்ள வெச்சு பூட்டிடுச்சா? நல்லா வேணும். எங்க ஊட்டு ஆளயும் ஒரு நாளு இப்டி பூட்டி வெக்கணும், வாய அடச்சுகினு நிக்கட்டும்." சிரிக்கிற சத்தம் சந்து முழுக்கப் போனது. "இரு, நான் முன்பக்கமா வந்து சொல்றேன் அதுக்கு. ஆம்பளைய இப்டியா பண்றது?"

கூடையைத் தூக்கிவிட்டாள். முன்பக்கம் வந்து கதவைத் தட்டினால் எல்லாம் முடிந்தது. ஒரு கையில் போன், இன்னொரு கையால் கும்பிட்டேன். ஒற்றைக் கையால் கும்பிட்டால் அது கும்பிடு மாதிரியே இல்லை. போகிற மாதிரிதான் இருந்தாள். காற்றில் எழுதிக் காட்டினேன். கூடத்தைக் காட்டினேன். திரும்பவும் எழுதினேன்.

"இன்னாது, லோனா?"

தலையில் அடித்துக்கொண்டு, எதிரே புத்தகம் விரித்துப் படிக்கிற மாதிரி குனிந்து காட்டினேன்.

அவள் முகம் மாறிவிட்டது. ஜன்னலிடம் வந்து, "பரீட்சையா?" என்றாள், காற்று மட்டும் வருகிற குரலில். "அதுக்கா? இந்த வயசுலயா?" நான் தலையாட்டினேன். "மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல, லூசு," என்றாள். ஒரு கவரில் இரண்டு மீனைப் போட்டுக் கம்பியில் மாட்டிவிட்டு, முனை திரும்புகிறவரை கூவாமலே நடந்தாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பூனை வந்து கவருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. அதை விரட்டவும் எனக்கு வழியில்லை. கண்ணால் முறைத்தேன். அது எழுந்து, ஒரு மீனை இழுத்துக்கொண்டு, மெதுவாகவே போனது.

பூனையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் முதலில் எனக்கு உறைக்கவில்லை. தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

யோசிக்கிறாள் என்று நினைத்தேன். காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. முழங்கை மேஜை மேல் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மடியில் இறங்கிவிட்டது. இப்போது எனக்குத் தெரிந்தது மேஜை ஓரம் மட்டும்.

எட்டாவது முழுப்பரீட்சையில் நானும் அப்படித்தான் கையை மடியில் இறக்கினேன். கணக்குத் தாள். முதல் கேள்வியே புரியவில்லை. சுற்றி எல்லாரும் எழுதுகிற சத்தம், எனக்குள்ளே ஒன்றுமில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ, எழுந்து வெளியே வந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. யாராவது ஒருத்தர் அன்றைக்கு என் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

அதனால் அவள் அங்கே என்ன ஆகியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. விடை வராத கேள்வி எதிலோ மாட்டிக்கொண்டாள். அழுகிறாளோ என்னவோ. மயக்கமா? காலையில் ஒரு இட்லிதான் சாப்பிட்டாள். போய் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும், சுவரோரமாக, தலையை மட்டும் நீட்டி. ஒரு அடி வைத்தேன். கையிலிருந்த போனில் ஒரு கோடு குறைந்தது. பின்னால் வந்தேன். கோடு வந்தது. மறுபடி அடி வைத்தேன், மறுபடி பின்னால் வந்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. கூப்பிட்டால் குரல் பதிவாகும். போனால் முகம் பதிவாகும், இல்லாவிட்டால் நெட் போகும். போகாவிட்டால், உள்ளே அவள் தனியாக.

ஜாக்கெட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரி இது இல்லையே, இழுத்தால் அவிழ்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன், எங்கேயும் போய்விடாமல் இருக்க. தோள் மரத்துப்போனது. கையை மாற்றவும் பயம். தூக்கின கை தூக்கினபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது அந்த எட்டாவது வகுப்பிலிருந்தே ஓடுகிற மாதிரி இருந்தது.

"இன்னாங்க!" என்று சத்தமாகக் கேட்டது. "முடிஞ்சுது!"

ஓடினேன். நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, மயக்கமில்லை, முகத்தில் எரிச்சல் மட்டும்.

"என்ன ஆச்சு? ஏன் தட்டறத நிறுத்திட்ட?"

"எப்பவோ எழுதி முடிச்சுட்டேன். அனுப்பற பட்டன் இந்த பிரவுசர்ல வரவே இல்ல, கீழ வெட்டிடுச்சு. வேற எதயும் தொட்டா ரத்து பண்ணிடுவாங்களோன்னு பயம். நேரம் முடிஞ்சா அதுவே எடுத்துக்கும்னு போட்டிருந்தான், சும்மா உக்காந்துட்டேன்."

"சும்மாவா?"

"சும்மா இல்ல. நீங்க எட்டிப் பாத்துடுவீங்களோன்னு உயிரக் கைல புடிச்சுக்கிட்டு." அப்போதுதான் என் கையைப் பார்த்தாள். "போன ஏன் இங்க எடுத்துட்டு வந்தீங்க? எழுதினது இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கு!"

திரை முழுக்க வெள்ளை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பார்க்கும்போதே அது நின்றது.

திரும்ப ஓடினேன். வலது பக்கக் கம்பி, தோள் உயரம். ஒரு கோடு. இரண்டு. இப்போது கேமரா இல்லை, பேசலாம், இருமலாம், குக்கர் மூடி விழுந்தாலும் கேட்பாரில்லை. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

"சுத்துதா?" என்று கடைசியில் நான்தான் கேட்டேன்.

"சுத்துது. அசையாதீங்க."

அசையவில்லை. கூடத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் சமையலறை வாசக்காலில் வந்து சாய்ந்து நின்றாள், வீங்கின காலை ஒன்றின் மேல் ஒன்று போட்டுக்கொண்டு.

"வந்துடுச்சு. கிடைச்சுதுன்னு போட்டிருக்கான்."

வேலை கிடைத்தது என்று தெரிய இன்னும் சில வாரம் ஆனது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவள் எழுதினது போய்ச் சேர்ந்துவிட்டது என்பது மட்டும்தான். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கைய இறக்குங்க," என்றாள்.

இறக்கப் பார்த்தேன், வரவில்லை. அவள்தான் வந்து, போனை விரலிலிருந்து பிரித்தெடுத்து, கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.